182 செ.மீ. உயரம், 60 கிலோ: இருந்தும் குட்டைப் பையன்கள் உள்ளே புகுந்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

திருமங்கலத்தான்

அண்ணன்மாருக்கு வணக்கம். சித்தப்பா மகனுக்காகக் கேட்கிறேன், குத்துச்சண்டை பழகுகிறான். வயசு 17. உயரம் 182 செ.மீ., இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி 187. எடை 61, 62-ல் நிற்கிறது, யூத் 60 கிலோவில் இறங்குகிறான். வலக்கைப் பழக்கம், இடது கால் முன்னே.

எதிரே வருகிறவர்கள் 165, 168 உயரம்தான். முதல் ரவுண்டில் ஜாப் (முன்னே இருக்கும் இடது கையின் நேர்க்குத்து) போட்டே நிறுத்திவிடுகிறான். இரண்டாவது ரவுண்டு பாதியிலிருந்து பின்னாலேயே போக ஆரம்பிக்கிறான். அவர்கள் குனிந்து உள்ளே வந்து, வயிற்றில் இரண்டு, தலையில் ஒன்று வைத்துவிட்டுப் போகிறார்கள். முதுகு கயிற்றில் முட்டியதும் இரண்டு கையையும் முகத்துக்கு வைத்து நின்றுவிடுகிறான்.

இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு தூரத்தை ஏன் காப்பாற்ற முடியவில்லை? உள்ளே வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று, 55-க்கு இறக்கிவிட்டால் எதிரிகள் இன்னும் குட்டையாக இருப்பார்கள் என்று சித்தப்பா சொல்கிறார். அது சரியா? வாரத்தில் நாலு நாள் மதுரைக்கு வந்து பயிற்சி எடுக்கிறான், மற்ற நாள் வீட்டு மொட்டைமாடிதான்.

---

மாட்டுத்தாவணி_ஜாப்

தம்பி, முதல்ல அந்த 187-ஐக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. அதுல தோள் அகலம் ஒரு 37 போயிரும். மிச்சம் 150, கைக்கு 75. விரலை மடக்கி முட்டி ஆக்குனா இன்னொரு 10 போச்சு. ஆக, தோள் மூட்டுலருந்து முட்டி வரைக்கும் 65 செ.மீ. எதிரே நிக்கிற 166 உயரப் பையனுக்கு விரிச்ச கை 168ன்னு வைங்க. தோளும் விரலும் அவனுக்குக் கொஞ்சம் சின்னது, அதையும் சேத்து இதே கணக்குப் போட்டா 58 வரும். விரிச்ச கையில 19 செ.மீ. வித்தியாசம்னு தெரியுறது ரிங்குக்குள்ள ஒரு கைக்கு வெறும் 7 செ.மீ. ஒரு தீப்பெட்டியும் அதுக்கு மேல கொஞ்சமும். இவ்வளவுதான் உங்க பையன்கிட்ட இருக்குற சொத்து.

இந்த ஏழும் எப்படிப் போகுதுன்னு பாப்போம். கை முழு நீளத்துக்குப் போறது தோள் மட்டத்துல குத்தும்போது மட்டும்தான். நிமிந்து நிக்கிற உங்க பையனோட தோள் தரையிலருந்து 148 கிட்ட இருக்கும். எதிரி குனிஞ்சு தலையை 118-க்குக் கொண்டுபோயிட்டான்னு வைங்க. 30 செ.மீ. கீழ்நோக்கிக் குத்தணும். 65 நீளக் கையைச் சாய்ச்சு 30 கீழே இறக்குனா முன்னாடி போற தூரம் 58-க்கும் குறைவு. ஏழும் காலி! குனிஞ்சு வர்றவன் ஒரு அடி கூட எடுத்து வைக்காமலே உங்க உயரத்தைத் தின்னுட்டான். முதல் ரவுண்டுல எதிரி நிமிந்து வந்திருப்பான், ஜாப் பட்டிருக்கும். ரெண்டாவதுல அவனோட கோச் குனியச் சொல்லியிருப்பார்.

இதுக்கு மருந்து முழங்கால்லதான் இருக்கு. இடுப்பை வளைச்சுக் குனியக் கூடாது. இடுப்பு வளைஞ்சா தலை முன்காலைத் தாண்டி வெளியே போயிரும், அவன் அப்பர்கட்டுக்கு (கீழருந்து மேல தாடைக்கு வர்ற குத்து) நாமளே தாடையைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. முதுகு அப்படியே இருக்க, ரெண்டு முழங்காலும் மடங்கித் தோள் ஒரு 10 செ.மீ. இறங்கணும். சாய்வு 30-லருந்து 20 ஆனா, கை 62 வரைக்கும் போகும். போன ஏழுல நாலு திரும்பி வந்துருச்சு. மிச்சத்தைத் தோளைத் திருப்பி வாங்கணும். ஜாப் போகும்போது இடது தோள் தாடையைத் தொடுற அளவுக்குத் திரும்பணும். நெட்டைப் பையன்க பாதிப்பேர் கையை மட்டும் நீட்டுவாங்க, தோளு அங்கயே நிக்கும்.

அடுத்து, எப்ப குத்துறது. எதிரி மூஞ்சியப் பாத்துக் குத்துனா லேட்டு. நெஞ்சுல கண்ணை வச்சா அவன் முன்கால் ஓரக்கண்ணுல தெரியும். அந்தக் கால் தரையை விட்டுக் கிளம்புற நொடிதான் ஜாப்புக்கு நேரம். ஒத்தைக் கால்ல இருக்கிறவன் பின்னாடி போக முடியாது, பக்கத்துல நழுவவும் முடியாது. கால் தரையில பதிஞ்சப்புறம் குத்துனா அவன் குத்தும் சேந்து வரும். இந்த ஒண்ணை மட்டும் ஒரு மாசம் பழகுனா பாதிப் பிரச்சினை முடிஞ்சிரும்.

எல்லா ஜாப்பையும் ஒரே வேகத்துல போடாதீங்க. கண்ணுக்கு முன்னாடி சும்மா தொட்டுட்டு வர்றது ஒண்ணு, முன்காலை ஒரு அடி எடுத்து வச்சுக் கெட்டியா வைக்கிறது ஒண்ணு, நெஞ்சுக்குழிக்குப் போறது ஒண்ணு. மூணும் கலந்து வரணும். நெஞ்சுக்குழி ஜாப்புக்கு முழங்கால் இன்னும் மடங்கணும், வலது கை தாடையை விட்டு நகரவே கூடாது. போட்ட கை போன வழியிலேயே திரும்பணும். களைச்சதும் கை இடுப்பு வழியா வளைஞ்சு வரும். அந்த இடைவெளியிலதான் எதிரியோட வலது கை மேல ஏறி வந்து விழும்.

பின்னாடி போறதைப் பத்தி. ரிங்கு கயித்துக்குக் கயிறு 6.1 மீட்டர். நடுவுலருந்து கயிறு 3 மீட்டர். ஒரு பின்னடி 40 செ.மீ.ன்னா ஏழு எட்டு அடியில முதுகுல கயிறு. நேரா ரெண்டு அடிக்கு மேல பின்வாங்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வச்சுக்கோங்க. மூணாவது அடி பக்கவாட்டுலதான். எதிரியும் இடது கால் முன்னே வச்சவன்னா நாம இடப்பக்கம் போனா அவன் இடது ஹூக்கு (பக்கத்துலருந்து வளைஞ்சு வர்ற குத்து) எட்டாது, ஆனா வலது நேரா வரும். வலப்பக்கம் போனா ஹூக்கு காத்துக்கிட்டு இருக்கும். அவன் எந்தக் கையை நம்பி வர்றான்னு முதல் நிமிஷத்துலயே பாத்து வச்சுக்கணும்.

பாய்ஞ்சு வர்றவனுக்கு ஒரு நல்ல வழி: இடது ஹூக்கைப் போட்டுக்கிட்டே இடது பாதத்தை ஊன்றித் திரும்புறது. வலது கால் பின்னால சுத்தி இடப்பக்கம் வந்து நிக்கும். அவன் நம்ம வலப்பக்கமா வெறுங்காத்துக்குள்ள போயிருவான். அலங்காநல்லூர்ல மாட்டுக்கு வழி விட்டுட்டுத் திமிலுக்குப் பக்கத்துல நிக்கிறானே, அந்த மாதிரி. நேரா நின்னவன் நிலைமை தெரியும்ல.

---

கயிற்றோரம்

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் தூரம் மட்டும் போதும் என்று பையன் நினைத்துவிடக் கூடாது. அமெச்சூர் போட்டியில் ஒன்பது நிமிடமும் ஒருவனை வெளியிலேயே நிறுத்துவது நடக்காத காரியம். ஒரு ரவுண்டில் நாலைந்து முறையாவது உள்ளே வருவான். வந்தபின் என்ன என்பதற்கு விடை இல்லாததால்தான் கையை மூடிக்கொண்டு நிற்கிறான்.

வயிற்றில் அடி விழுவதற்குக் காரணம் இருக்கிறது. இவனுடைய ஜாப்புக்கு உள்பக்கமாக எதிரி நழுவினால் அவன் எடை இடது காலில் ஏறிவிடும், இடது ஹூக் தானாகவே தயார். அது நேராகப் போய்ச் சேரும் இடம் இவனுடைய வலது விலாவின் அடி, கல்லீரல். வலது கை தாடையில் இருக்கும்போது முழங்கை விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தால் அடி முழங்கையில் படும். உயரமான பையன்களுக்குக் கைமுட்டி தாடையில் இருந்தால் முழங்கை விலா எலும்பின் பாதிவரைதான் வரும், கீழே ஒரு சாண் திறந்து கிடக்கும். அதனால் அடி வரும்போது கையை இறக்கக் கூடாது. வலப்பக்க உடம்பைச் சற்றுக் கீழே மடக்கி இடுப்பெலும்பை முழங்கைக்குக் கொண்டுவர வேண்டும். கையை இறக்கினால் மூன்றாவது குத்து தலைக்கு. நீங்கள் எழுதியிருக்கும் 'வயிற்றில் இரண்டு, தலையில் ஒன்று' இதே கதைதான்.

அந்த உள்பக்க நழுவலுக்கு இவனிடம் தண்டனை இருக்கிறது: வலது அப்பர்கட். எதிரியின் தலை இவனுடைய நெஞ்சுக்கு நேரே வருகிறது, முகம் தரையைப் பார்க்கிறது. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, முழங்கால் நிமிர்வதிலிருந்து குத்து கிளம்ப வேண்டும். நீண்ட கைக்காரர்கள் கையைத் தொடைவரை இறக்கி வீசுவார்கள். அது பார்வைக்கு அழகு, எதிரிக்கு அறிவிப்பு. அரை அடி இறங்கினால் போதும்.

அடுத்தது பிடி. பிடிப்பது தவறு என்பதைப் பையன் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கை போடுவது, மேலே சாய்ந்து அழுத்துவது, நீட்டிய கையை எதிரி முகத்தில் வைத்துத் தள்ளி நிறுத்துவது, திறந்த கையுறையால் தடவுவது எல்லாமே பவுல். உயரமான பையன்களுக்குக் கடைசி இரண்டும் தானாக வந்துவிடும் பழக்கம். நடுவர் முதலில் எச்சரிப்பார், பிறகு வார்னிங். ஒரு வார்னிங்குக்கு ஒரு புள்ளி போகும், மூன்றாவது வார்னிங்கில் வெளியேற்றம்.

பவுல் இல்லாமல் செய்யக்கூடியது இது. எதிரி உள்ளே வந்துவிட்டால் பின்வாங்காமல் அரை அடி முன்னே போய் நெஞ்சோடு நெஞ்சு அடைக்க வேண்டும். இரண்டு முன்கையும் அவனுடைய புஜத்துக்கு உட்பக்கம். அவன் கைக்கு வீச இடம் இல்லை. இவனுடைய வலது கைக்கு விலாவில் இரண்டு சின்னக் குத்து வைக்க வழி இருக்கும். வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவர் கண்ணுக்கு இவன்தான் பிடிப்பவன். நடுவர் 'பிரேக்' என்றதும் இரண்டு பேரும் ஓரடி பின்வைத்த பிறகே குத்தலாம். பாருங்கள், இழந்த தூரத்தை விதியே திருப்பிக் கொடுக்கிறது. அந்த ஓரடியைச் சோம்பலாக வைக்கக் கூடாது. வைத்து முடித்த கணமே ஜாப் கிளம்ப வேண்டும்.

புள்ளி விஷயம். ஐந்து ஜட்ஜ், பத்துப் புள்ளி முறை. பார்ப்பது சுத்தமாகப் பட்ட தரமான குத்துகள், ஆட்டம் யார் கையில் இருந்தது, யார் விட்டுக்கொடுக்காமல் ஆடினார்கள் என்பது. தொட்டுவிட்டு ஓடும் ஜாப் பத்து போட்டாலும், பின்னாலேயே போகிறவன் ரவுண்டை இழக்கலாம். ஒவ்வொரு மோதலையும் இவனுடைய குத்து முடித்துவைக்க வேண்டும். எதிரி இரண்டு போட்டுவிட்டு வெளியேறும்போது ஒரு ஜாப் அவனைத் துரத்திப் போய்ப் பட வேண்டும். ஜட்ஜ் கண்ணில் கடைசியாக நிற்பது அதுதான்.

---

வைகை_வடகரை

55 கிலோ பற்றி மட்டும் சொல்கிறேன். வேண்டாம்.

62-லிருந்து 55 என்றால் 7 கிலோ, உடம்பில் 11 சதவீதம். 182 செ.மீ. உயரத்துக்கு 55 கிலோவில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 16.6. இப்போது 60-ல் நிற்கும்போதே 18.1, பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் என்று சொல்லும் 18.5-க்கு அதுவே கீழ். 17 வயசில் எலும்பும் தசையும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைப் பட்டினி போட்டு நிறுத்துவது எந்தப் பதக்கத்துக்கும் ஈடாகாது.

தொழில்முறை குத்துச்சண்டையில் முந்தைய நாள் எடை பார்த்துவிட்டு இரவு முழுக்கத் தண்ணீர் ஏற்றுவார்கள். அமெச்சூரில் ஆட்டம் உள்ள நாள் காலையில் எடை பார்ப்பார்கள், சில மணி நேரத்தில் ரிங். அடுத்த ஆட்டம் இருக்கும் நாள் மறுபடி எடை. நாலு நாளில் மூன்று ஆட்டம் என்றால் மூன்று முறை வற்றி மூன்று முறை ஏற வேண்டும். உடம்பில் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே ஓட்டம் தளர்ந்துவிடும். நீண்ட கைக்காரனுக்கு முதலில் போவது கால். கால் போனால் தூரம் போயிற்று, பிறகு எதற்கு அந்த உயரம்?

பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடி வேர்வை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் அது நேராக ஆஸ்பத்திரிக்கு வழி.

உதாரணத்துக்கு அமெரிக்கத் தொழில்முறை வீரர் டியேகோ கோரலஸ். 130 பவுண்டில், அதாவது 59 கிலோவில், 179 செ.மீ. உயரம். எடைக்குள் வரவே திணறிக்கொண்டிருந்தவர். 2001 ஜனவரியில் ஃபிளாய்ட் மேவெதரிடம் ஐந்து முறை விழுந்தார். பத்தாவது ரவுண்டில் அவர் தரப்பே நிறுத்தியது. மேவெதர் அவரைவிடக் குட்டை. எதிர்த்திசையில் நம் இந்திய வீராங்கனை லவ்லினா போர்கோஹெய்ன். டோக்கியோவில் 69 கிலோவில் வெண்கலம். அந்தப் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து போனதும் 66-க்கு இறங்காமல் 75-க்கு ஏறி, 2023 டெல்லி உலகப் போட்டியில் தங்கம் வாங்கினார். அவரும் உயரத்தை நம்பி ஆடுகிறவர்தான்.

இந்தப் பையன் 60-ல் இந்த வருஷம் ஆடட்டும், அடுத்து 65 என்று மனசில் வைத்துச் சாப்பிடட்டும். 62-லிருந்து 60 வருவதற்குக் கடைசி பத்து நாள் ராத்திரி பரோட்டா, உப்புக்கண்டம், ஊறுகாய், ஜிகர்தண்டா நிறுத்தினாலே பெரும்பாலும் போதும். புரதத்தைக் குறைக்காதீர்கள். கிலோவுக்கு ஒன்றரை கிராம் கணக்கில் நாளைக்கு 90 கிராம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், நிலக்கடலை 100-ல் 25, கொண்டைக்கடலை காய்ந்ததாக 100-ல் 20. மிச்சம் பால், பருப்பு, மீன். கணக்குப் போட்டுப் பாருங்கள், இட்லி சட்னியில் மட்டும் அது வராது.

கழுத்துக்கும் வேலை கொடுங்கள். நீண்ட கழுத்தில் அடி விழுந்தால் தலை சாட்டை மாதிரி ஆடும். துண்டைத் தலையில் கொடுத்து இன்னொருவர் இழுக்க, தலை நகராமல் 10 விநாடி நிறுத்த வேண்டும். நாலு பக்கமும் ஐந்து ஐந்து முறை, வாரம் மூன்று நாள்.

---

கோச்சடை_கார்னர்

எல்லாரும் தூரம் தூரம்னு சொல்றீங்க. அமெரிக்க வீரர் செபாஸ்டியன் பண்டோரா 197 செ.மீ., 70 கிலோவுக்குள்ள ஆடுறாரு. ஆனா ஜாப் போட்டுத் தள்ளி நிக்காம உள்ள போய் நின்னுதான் அடிக்கிறாரு. 2024-ல டிம் சூவை ஜெயிச்சு ரெண்டு உலக சாம்பியன் பெல்ட் எடுத்தாரே. அப்ப அது தப்பா?

---

மாட்டுத்தாவணி_ஜாப்

தப்புன்னு யார் சொன்னா. ஆனா அதே பண்டோரா 2023-ல பிரையன் மெண்டோசாகிட்ட ஏழாவது ரவுண்டுல நாக்அவுட் ஆனதையும் சேத்துச் சொல்லணும். உள்ள நின்னா கொடுக்கவும் செய்யலாம், வாங்கவும் வேணும். அவர் ஒரு ரவுண்டுக்குப் போடுற குத்து எண்ணிக்கைக்கு வேற மாதிரி நுரையீரல் வேணும். 17 வயசுப் பையனுக்கு அது இரண்டாவது பாடம்.

பழைய அமெரிக்க வீரர் தாமஸ் ஹேர்ன்ஸை எடுத்துக்கோங்க. 185 செ.மீ., விரிச்ச கை 198, வெல்டர்வெயிட்டுல 66.7 கிலோ. 1981-ல சுகர் ரே லியோனார்டோட ஆடுனப்ப வெளிய நின்னு ஜாப்புலயே ஆட்டத்தைக் கையில எடுத்துட்டாரு. நிறுத்துனப்ப மூணு ஜட்ஜ் சீட்டுலயும் ஹேர்ன்ஸ்தான் முன்னாடி. ஆனா 14-வது ரவுண்டுல காலு வேலை செய்யல, கயித்துல மாட்டினாரு, முடிஞ்சது. அவருக்கு 14 ரவுண்டு தாங்குன கால், உங்க பையனுக்கு ஒண்ணரை ரவுண்டு தாங்குது. அவ்வளவுதான் வித்தியாசம். கயிற்றோரம் சொன்ன 'அரை அடி முன்னே போய் அடைக்கிறது' தெரிஞ்சிருந்தா மூச்சு வாங்கவாவது நேரம் கிடைக்கும்.

---

கம்பும்_கையுறையும்

மொட்டைமாடியில செய்யிற மாதிரி சொல்றேன். பக்கத்துல சிலம்பம் ஆடுற பையன் யாராவது இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க. தூரம்னா என்னன்னு அவனுக்குக் கால்லயே தெரியும்.

ஒரு மூங்கில் கம்பு, நுனியில பழைய வேட்டித் துணியைப் பந்து மாதிரி சுத்திக் கட்டுங்க. கையில பிடிக்கிற இடத்துலருந்து நுனி வரைக்கும் 95 செ.மீ. இருக்கணும். ஏன் 95? எதிரியோட கை 58, அவன் பாய்ஞ்சு வைக்கிற ஒரு அடி 35, கொஞ்சம் மிச்சம். கம்பு பிடிக்கிறவன் உங்க பையனோட நெஞ்சுக்கு நேரா நுனியை வச்சு நடக்கணும், திடீர்னு தள்ளணும், திடீர்னு நிக்கணும். துணி நெஞ்சுல படக் கூடாது. அதே சமயம் துணிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு சாணுக்கு மேல இடைவெளியும் விடக் கூடாது. இந்த ரெண்டாவதுதான் கஷ்டம். பயந்த பையன் மூணு சாண் தள்ளிப் போயிருவான். அங்கருந்து ஜாப் எட்டாது, திரும்ப உள்ள வர ரெண்டு அடி வேணும், அதுக்குள்ள எதிரி ரெடி. 2 நிமிஷம், மூணு தடவை. கம்பை மூஞ்சிக்கு மட்டும் தூக்கவே கூடாது.

பின்னாடி போகும்போது பின்காலுதான் முதல்ல கிளம்பணும், முன்கால் அப்புறம் வரணும். நெட்டையனுங்க முன்காலை இழுத்துப் பின்காலோட சேத்துருவாங்க, ரெண்டு காலும் ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல ஒரு விரல் வச்சுத் தள்ளுனாலே விழுந்துருவான். சாக்பீஸ்ல தரையில அவன் நிக்கிற ரெண்டு பாதத்தையும் வரைஞ்சு வைங்க. முன்குதிகாலுக்கும் பின்காலு விரலுக்கும் நடுவுல தோள் அகலம், அதுக்கு மேல கொஞ்சம். ஒவ்வொரு நகர்வுக்கும் அப்புறம் அந்த இடைவெளி மாறியிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. மாறியிருக்கும்.

கொடிக்கயிறு ஒண்ணை 140 செ.மீ. உயரத்துல கட்டுங்க. அதுதான் எதிரியோட தாடைன்னு வச்சுக்கிட்டு, கயித்து மட்டத்துக்குத் தோளை இறக்கி ஜாப், நிமிராம ரெண்டு அடி பின்னாடி, பக்கத்துல ஒரு அடி, மறுபடி ஜாப். அடுத்த வாரம் 125-க்கு இறக்குங்க. தொடை எரியும். எரியலன்னா இடுப்பை வளைச்சு ஏமாத்துறான்னு அர்த்தம். பக்கத்துல நின்னு பாத்தாத் தெரிஞ்சிரும்: முழங்கால் மடங்குனா பின்குதிகால் மேல எழும்பியிருக்கும், இடுப்பு வளைஞ்சா குதிகால் தரையில அப்படியே அப்பிக்கிடக்கும்.

சிமெண்ட் தரையில வெறுங்காலோட வேண்டாம், முன்னங்கால் எலும்பு வலி வந்துரும். ஷூ போட்டு, காலைல 7 மணிக்கு முன்னாடி முடிச்சுருங்க.

---

திருமங்கலத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சித்தப்பாவிடம் பிஎம்ஐ கணக்கைக் காட்டிவிட்டேன், 55 பேச்சு இப்போதைக்கு நின்றது. இரண்டு சந்தேகம். எதிரி இடக்கைக்காரனாக வந்தால் இதெல்லாம் மாறுமா? மொட்டைமாடியில் குத்திப் பழகத் தொங்கவிட்டிருக்கும் மூட்டை முழுக்க மணல், 4 அடி நீளம். அடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறான். எப்படி மாற்றுவது, எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது?

---

கயிற்றோரம்

இடக்கைக்காரன் என்றால் வலது கால் முன்னே இருக்கும். ஜாப்பும் ஜாப்பும் ஒரே கோட்டில் மோதும், நீளமான கையின் பலன் குறையும். முன்கால் போட்டிதான் முக்கியம். இவனுடைய இடது கால் அவனுடைய வலது காலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அங்கே நின்றால் அவனுடைய இடது கை, அதாவது பலமான கை, சுற்றி வர வேண்டியிருக்கும். இவனுடைய வலது கை நேராகப் போகும். இடப்பக்கமாகவே சுற்றட்டும். இங்கே ஜாப்பைவிட நேர் வலது கைதான் முதல் ஆயுதம், ஜாப் எதிரியின் முன்னே நிற்கும் வலது கையைத் தட்டி வைக்க.

---

கம்பும்_கையுறையும்

மணல் மூட்டைன்னா அடிப்பக்கம் மட்டும் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும், மேல தொளதொளன்னு இருக்கும். பையன் கீழ்நோக்கிக் குத்தப் பழகும்போது அந்தக் கல்லுலதான் படும். வலிக்காம என்ன செய்யும். மணலை முழுசாக் கொட்டிருங்க. பனியன் வேஸ்ட் துணி எடைக்குக் கிடைக்கும், 25 கிலோ வாங்குங்க. பட்டன், ஜிப் இருந்தா வெட்டி எறிஞ்சிருங்க. ஒரு சாண் உயரத்துக்குத் துணி போடுறது, மரக்கட்டையால நல்லா இடிக்கிறது, மறுபடி துணி. கையால அமுக்குனா ரெண்டு வாரத்துல பாதி இறங்கிரும். எடை பத்தலன்னா 3 கிலோ மணலைத் தனிப் பையில இறுக்கக் கட்டி மூட்டையோட நட்டநடுவுல, ஓரத்துல படாம வைங்க.

தொங்கவிடுறது பையனோட உயரத்தை வச்சு இல்ல, எதிரியோட உயரத்தை வச்சு. மூட்டையோட தலை தரையிலருந்து 165 செ.மீ. இருக்கட்டும். 4 அடின்னா அடிப்பக்கம் 43-ல வரும், சரியா இருக்கும். கலர் டேப்புல மூணு கோடு ஒட்டுங்க: 140-ல தாடை, 120-ல குனிஞ்ச தலை, 105-ல வயிறு. 140-க்கு ஜாப்பும் வலதும், 105-க்கு முழங்காலை மடக்கி ஜாப். 120 கோட்டுக்கு ஜாப் போட விடாதீங்க, அது அப்பர்கட்டுக்குன்னு ஒதுக்குன இடம். மூட்டையில நேரா அப்பர்கட் வைக்க வராது, அதனால அந்தக் கோட்டுக்கு எதிர்ல நீங்க பேடை (கையில மாட்டிப் பிடிக்கிற மெத்தை) கவுத்துப் பிடிக்கணும்.

மூட்டை ஆடும்போது விலகிப் போறப்ப குத்தாம, திரும்பி வர்றப்ப குத்தச் சொல்லுங்க. கொக்கி ஒத்தையா இருந்தா மாத்தி, பேரிங் வச்ச சுழல் கொக்கி போடுங்க, இல்லன்னா சங்கிலி முறுக்கிக்கிட்டே இருக்கும். முதல் பத்து நாள் மணிக்கட்டுக்கு நாலரை மீட்டர் பேண்டேஜ் கட்டாம மூட்டைகிட்டப் போக விடாதீங்க.